ஆற்றங்கரைச் சத்துக் கீரை

"இனிமே இந்த வீட்டுக்குக் காய்கறி வாங்குறது என் பொறுப்பு" என்று மாணிக்கவேல் அறிவித்தபோது, அவன் மனைவி ஜீவிதா ரசத்தைக் கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு துழாவினாலும் தக்காளி கிடைக்காது. கொஞ்ச நாளாகவே அந்த வீட்டு ரசத்தில் தக்காளி இல்லை.

"பேரம் பேசத் தெரியணும் ஜீவிதா. வெலைய கேட்டதும் பயந்துக்கினு திரும்பிட்டா ஆச்சா?"

"சரிங்க. நீங்களே போய் வாங்கிக்கினு வாங்க."

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமைதான் வந்தது.

பிள்ளையார்பாளையத்தில் நல்ல நெசவாளி என்று பேர் எடுத்தவன் மாணிக்கவேல். கூலி பேசும்போது எந்த முதலாளிக்கும் அசைந்து கொடுக்கமாட்டான். அப்படிப்பட்டவன் மறுநாள் விடிந்ததும் ராஜாஜி மார்க்கெட்டில் தக்காளி விலையைக் கேட்டான். காதில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடியும் கேட்டான். காது நன்றாகத்தான் இருந்தது. ஒரு முருங்கைக்காயை எடுத்தான். விலையைக் கேட்டதும், தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல மெதுவாகத் திரும்ப வைத்தான். பீன்ஸ் இருந்த பக்கம் தலை வைக்கவே இல்லை.

"இன்னாபா, வாங்குறியா, வேடிக்கை பாக்குறியா?" என்றாள் கடைக்காரி.

வெறும் பையோடு ஜீவிதா முன்னால் போய் நிற்பதா? வண்டியை ஓரிக்கைக்கு விட்டான். பாலாற்றங்கரையில் யாரும் விதைக்காத, யாரும் விலை சொல்லாத ஏதோ ஒன்று பச்சைப் பசேலென்று முளைத்துக் கிடந்தது. பார்க்கக் கீரை மாதிரிதான் இருந்தது. பறித்தான். சட்டைப்பையில் கிடந்த நூலால் கட்டினான்.

"இன்னா கீரைங்க இது?" என்று வீட்டில் ஜீவிதா கேட்டாள்.

"வந்து... சத்துக் கீரை. மார்க்கெட்டுக்குப் புதுசா வந்துருக்குது. பேரம் பேசி அடிமாட்டு வெலைக்கு வாங்கினேன்."

ஜீவிதா கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே எடுத்துப் போனாள்.

மத்தியானம் சோற்றுக்குக் கீரைப் பொரியல். மாணிக்கவேல் கேட்டுக் கேட்டுப் போட்டுக்கொண்டான். "பாத்தியா ருசிய? வாங்குற கைல இருக்குது எல்லாம்!"

சாப்பிட்டு முடித்து அவன் தறியில் உட்கார்ந்த நேரம், பக்கத்து வீட்டு சரிகை வியாபாரி அப்துல் ரஹ்மான் வந்து வாசலில் நின்றார். அவர் மனைவி சபியாவும் ஜீவிதாவும் பல வருஷ சிநேகிதிகள்.

"இன்னா மாணிக்கம், எப்டி கீறே?"

"கீரையா? எந்தக் கீரை?"

"எப்டி இருக்குறேன்னு கேட்டேன்பா. ஏன் பதறுற? காலைல உன்ன ஓரிக்கை ஆத்துப் பக்கம் பாத்ததா பேசிக்கினாங்க."

"சும்மா, காத்து வாங்கப் போனேன் பாய்."

"காத்தோட வந்துட்டியே, நல்லது. அங்க ஒரு செடி கெடக்குதாம். பாக்க கீரை மாதிரியே இருக்குமாம். அத ஒரு ஆடு மேஞ்சுட்டுதாம்பா."

"மேஞ்சு?"

"மொதல்ல நாக்கு வறண்டுச்சாம். அப்பால கண்ணு இருட்டுச்சாம்."

"அப்பால?"

"அப்பால இன்னா? பிரியாணிக்குக்கூட ஆகல. வெசமாச்சே!"

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

மாணிக்கவேல் நாக்கைச் சுழற்றிப் பார்த்தான். வறண்டிருந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். மறுபடியும் வறண்டது. தறியை நிறுத்திவிட்டான், ஆனாலும் தடக் தடக் என்ற சத்தம் நிற்கவில்லை. அது அவன் நெஞ்சு. எதிரே பாவு நூலின் அரக்குக் கலர் திடீரென்று கறுப்பாகத் தெரிந்தது.

"ஐயோ, கண்ணு போச்சு!"

"கரண்ட் போச்சுங்க" என்றாள் ஜீவிதா அடுப்படியிலிருந்து.

சொல்லிவிடலாமா? ஆஸ்பத்திரிக்கு ஓடலாமா? ஓடினால், 'என்ன சாப்பிட்டீர்கள்' என்று கேட்பார்கள். ஜீவிதா பக்கத்தில் நிற்பாள். மார்க்கெட்டில் முருங்கைக்காயைத் திரும்ப வைத்த கதை வெளியே வரும். அதற்குச் செத்துப்போவதே மேல் என்று தோன்றியது. பாயை விரித்துப் படுத்தான். வியர்வை ஆறாக ஓடியது. தறியில் பாதியில் நிற்கும் முகூர்த்தப் புடவையைப் பார்த்தான். எவனாவது வந்து பார்டரை மாற்றி நெய்துவிடுவானே என்று துக்கப்பட்டான். எதற்கும் இருக்கட்டும் என்று ஈனஸ்வரத்தில் கூப்பிட்டான்.

"ஜீவிதா, நீ அந்தக் கீரைய சாப்புடாத."

"ஏங்க?"

"அது... ஆம்பளைங்களுக்கான சத்து."

"ஐயையோ! நம்ம கலைவாணிக்கு டப்பா நெறைய வச்சு அனுப்பிட்டேனே! காலேஜ்ல எல்லாருக்கும் தரேன்னு சந்தோஷமா எடுத்துக்கினு போச்சு பொண்ணு."

தன் சாவு அவனுக்கு மறந்தே போனது. எழுந்த வேகத்தில் பாய் காலில் சுற்றியது. பாயோடு வாசலுக்கு ஓடினான்.

"அது மார்க்கெட் கீரை இல்லடி! ஆத்தங்கரைல புடுங்கினது! வெசம்! பொண்ணுக்கு போன் போடு! வண்டி சாவி எங்க? ஏகாம்பரநாதா, என் கொழந்தைய காப்பாத்து! இனி பேரம் கீரம்னு வாயத் தொறக்க மாட்டேன்! ஆயுசு பூரா நானே சமைக்கிறேன்! கொழந்தைய மட்டும் காப்பாத்து!"

தெருவே திரண்டுவிட்டது. கண்ணீர் நிஜமாகவே கொட்டியது. ஜீவிதா வந்து, அவன் காலில் சுற்றியிருந்த பாயை எடுத்துவிட்டு, தோளை அழுத்திப் படியில் உட்கார வைத்தாள்.

"சாமி கேட்டுச்சோ இல்லியோ, நான் கேட்டுட்டேன்."

"உக்காத்தி வைக்கிறியே! பொண்ணு..."

"பொண்ணு புளி சாதம் சாப்புட்டுக்கினு இருக்கும். உங்க கீரைய அப்பவே கொல்லைல குழி வெட்டிப் பொதச்சிட்டேன். எந்த மார்க்கெட்லங்க பட்டு நூல்ல கீரை கட்டித் தராங்க? நீங்க சாப்ட்டது சபியா வீட்டு முருங்கைக் கீரை."

"அப்போ நாக்கு வறண்டுச்சே?"

"உப்பு கொஞ்சம் கூடப் போட்டேன்."

மாணிக்கவேலுக்குக் கோபம் வரவில்லை. உடம்பில் கோபத்துக்கு இடமே இல்லை. ஜீவிதா முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"பொண்ணு பேர இழுத்தது தப்புதாங்க. வேற இன்னா பண்றது? உங்க உசுரு போனாக்கூட வாயத் தொறக்க மாட்டேன்னு படுத்துட்டீங்களே!"

மறுநாள் காலை மாணிக்கவேல் அடுப்படியில் ஒரு முறம் சின்ன வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தான். அப்துல் ரஹ்மான் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பாய், நீங்களே இப்டி ஆட்டுக் கதை சொல்லலாமா? நியாயமா?"

"சபியா சொல்லச் சொன்னா, சொன்னேன்பா. உனக்காவது கீரை. எனக்குப் போன மாசம் காளான்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பழகின கையாக ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தார்.

"அழுவுறதா இருந்தா இப்பவே அழுதுடு மாணிக்கம். ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க."