ஏலக்காரரின் பத்து நாள் மௌனம்

தொண்டை கெட்டுப்போனதற்காகச் சந்தோஷப்பட்ட மனுஷனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நம் ஏலக்காரர் பட்டார். காய்கறிச் சந்தையில் இருபது வருஷம் மைக் இல்லாமல் ஏலம் விட்ட தொண்டை அது. ஒரு நாள் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

"மூணு நாள் வாயே திறக்கக் கூடாது. குசுகுசுன்னு பேசுறதும் கெடுதல்தான். செருமாதீங்க. தண்ணி நிறையக் குடிங்க," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் நோட்டில் எழுதிக் காட்டினார்: 'பத்து நாள்.'

எல்லாம் மச்சினனால் வந்த பொய். ட்ரம்ஸ் வாசிக்கிற தம்பியைப் பின்னறையில் ஒரு வருஷம் தங்க வைக்கலாமா என்று மனைவி ஒரு மாதமாகப் பதில் கேட்டுக்கொண்டிருந்தாள். விடியுமுன்னே சந்தைக்கு ஓடுகிறவருக்கு அந்த அறையில் போடும் மத்தியானத் தூக்கம்தான் உயிர். பத்து நாள் கடத்திவிட்டால் அவன் வேறு இடம் பார்த்துக்கொள்வான். ஆஹா, என்ன மூளை!

நாலாம் நாள் மத்தியானம் மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். நோட்டு அவள் அக்குளில் பத்திரமாக இருந்தது.

"தம்பி, மாமா எதிர்லதான் இருக்கார். நீ இங்க வந்து தங்குறது பிடிக்கலைன்னா இப்பவே சொல்லட்டும். ஒரு தரம்!"

ஏலக்காரர் கழுத்து சுளுக்கும் அளவுக்கு வேண்டாமென்று தலையை ஆட்டினார். போனுக்குக் கண்ணா இருக்கிறது?

"ரெண்டு தரம்!"

பேசினால் பொய் அம்பலம். பேசாவிட்டால் தூக்கம் போச்சு. மானமா, தூக்கமா?

"மூணு தரம்!"

"முடியாது! முடியவே முடியாது!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அக்கா, மாமா குரல் கணீர்னு இருக்கே!" என்றான் மச்சினன்.

"இருக்காதா? ஓய்வே மூணு நாள்தான். டாக்டரை முந்தாநாளே கேட்டுட்டேன். நீ பெட்டியைக் கட்டு."

"அதான் முடியாதுன்னு சொல்லிட்டேனே!"

"மூணாவது தரத்துக்கு அப்புறம்ல சொன்னீங்க? உங்க சந்தையில அது செல்லுமாங்க?"

செல்லாது. அதைச் சொல்லியே எத்தனை பேரை விரட்டியிருக்கிறார்!

"இன்னும் ஏதாவது கத்தணுமா?" என்று அவள் வெந்நீர் டம்ளரை நீட்டினாள்.

ஏலக்காரர் ஒரு மடக்குக் குடித்தார். பிறகு தொண்டைக்குத் துளிகூடச் சிரமம் கொடுக்காமல், "வேண்டாம்மா... தம்பி எப்ப வர்றான்?" என்றார்.