மூன்றரை நாள் வாத்தியார்

நான் ஆசிரியராக இருந்தது மொத்தம் மூன்றரை நாள். அதில் அந்தக் கடைசி அரை நாள் மன்னிப்புக் கேட்பதிலேயே போய்விட்டது.

துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை எனக்கு. மற்றவர்கள் செய்ததைப் பார்த்து ‘சரியில்லை’ என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவன். அந்தப் புத்தி ஆலையோடு நிற்காமல் வீடு வரைக்கும் வந்ததுதான் வினை. மகள் யாழினி அப்போது நான்காம் வகுப்பு. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். நானோ, பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர்களின் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து நட்சத்திரங்களைப் பற்றிப் பேசினார்கள். என் மகள் வாய்ப்பாடு ஒப்பித்தாள்.

ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் பள்ளி, அந்தப் பக்கம் வீடு என்று நிறைகுறைகளை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். பள்ளியின் குறைகள் பதினான்கு. வீட்டின் குறை ஒன்றுகூட இல்லை. (எழுதியது நான் அல்லவா!) என் மனைவி ரேவதி அதைப் படித்துவிட்டு, “சொல்லிக் குடுக்கப் போறது யாருங்க?” என்று மட்டும் கேட்டாள். “நான்தான்” என்றேன். “சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? காலாண்டு லீவுல சொல்லிக் குடுங்க. அப்புறம் பேசுவோம்” என்றாள்.

அதுவரை பொறுக்க முடியவில்லை. ரேவதி அலுவலகப் பயிற்சிக்காக ஐந்து நாள் சென்னை போன வாரத்தைப் பயன்படுத்திக்கொண்டேன். ஆலையில் விடுப்பு எடுத்தேன். பள்ளிக்கு, ‘என் மகளுக்குக் கடுமையான காய்ச்சல் இருப்பதால் ஐந்து நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதி, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பினேன்.

“எனக்குத்தான் காய்ச்சலே இல்லையேப்பா?” என்றாள் யாழினி.

“அது லெட்டருக்கு மட்டும்தான்டா.”

“நான் ஸ்கூலுக்குப் போயிட்டு வந்து சாயங்காலம் உங்ககிட்ட படிக்கிறேனே.”

பள்ளி என்ற அமைப்பு குழந்தையை எவ்வளவு அடிமைப்படுத்தி வைத்திருக்கிறது என்று பரிதாபப்பட்டேன். அவள் ஏன் அப்படிக் கெஞ்சினாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை நாள் முழுக்கக் கால அட்டவணை போடுவதிலேயே முடிந்தது. செவ்வாய்க்கிழமை ‘வாழ்க்கைக் கல்வி’. மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலைக்கு அழைத்துப் போனேன். “நெல்லை ஏம்பா அவிக்கிறாங்க?” என்று கேட்டாள். “பூச்சி சாகத்தான்” என்றேன் கொஞ்சமும் யோசிக்காமல். களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் சிரித்துவிட்டார். “புள்ளைக்குத் தப்பாச் சொல்லிக் குடுக்காதீங்க சார். அவிச்சுக் காய வெச்சாத்தான் அரைக்கும்போது உடைஞ்சு நொய்யாகாது” என்றார். யாழினி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொன்னதையும் முன்பே எழுதியிருந்தாள். அதை ஸ்கேல் வைத்து அடித்தாள்.

புதன்கிழமை மாலை வகுத்தல் கணக்கு. விளையாட்டாக இருக்கட்டும் என்று ஒரு விதி வைத்தேன். இருவரும் கணக்குப் போட வேண்டும், தப்பாகப் போடுகிறவர் பத்துத் தோப்புக்கரணம் போட வேண்டும். நானூற்று முப்பத்திரண்டை நான்கால் வகுத்து, பதினெட்டு என்றேன்.

“நடுவுல பூஜ்யம் எங்கப்பா? நூற்றியெட்டு வரணும். மூணுல நாலு போகலைன்னா பூஜ்யம் போடணும்னு எங்க டீச்சர் முதல்லேயே சொல்லிட்டாங்க.”

விதி என்றால் விதிதான். காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். அவள் கையில் ஸ்கேலுடன் எண்ணினாள். ஏழாவதில் இருக்கும்போது திறந்திருந்த வாசலில் நிழல் தெரிந்தது. அவளுடைய வகுப்பாசிரியை கலைச்செல்வி டீச்சர், கையில் ஒரு பை சாத்துக்குடியோடு நின்றுகொண்டிருந்தார். பின்னால் அவள் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர்.

“சார்… யாருக்குக் காய்ச்சல்?” என்றார் டீச்சர்.

காதை விடாமலே, “எனக்குத்தாங்க” என்றேன்.

“அப்பாவுக்கும் இல்ல டீச்சர்” என்றாள் என் மகள்.

அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதில் ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப இவளுக்கு இந்த வருஷம் முழு வருகைப் பரிசு கிடையாதா டீச்சர்?” என்று கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வருடம் பள்ளி திறந்ததிலிருந்து யாழினி ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லையாம். ஆண்டு விழாவில் அதற்கு ஒரு பரிசு உண்டாம். அவள் வகுப்பில் அதுவரை தாக்குப்பிடித்தவள் இவள் ஒருத்திதானாம். அவள் சத்தம் போட்டு அழவில்லை. ஸ்கேலைப் பார்த்துக்கொண்டே கண்ணீர் விட்டாள். பதினான்கு குறை கண்டுபிடித்த எனக்கு, என் பெண் எதற்காக ஆசைப்பட்டாள் என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை அவளோடு பள்ளிக்குப் போனேன். விட்ட மூன்று நாளையும் எப்படியாவது சரிக்கட்டித் தரும்படி டீச்சரிடம் கெஞ்சினேன்.

“வராத பிள்ளைக்கு வந்ததாப் போட முடியுமா சார்? உங்க ஃபேக்டரியில அப்படிப் போடுவீங்களா?” என்றார். “அதைவிட, பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லாட்டி அவதான் பொய் சொன்னான்னு நெனச்சுக்குவாங்க.”

வகுப்பின் முன்னால் நின்றேன். “யாழினி பொய் சொல்லலை. நான்தான் சொன்னேன். அவளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கலாம்னு நெனச்சேன். மன்னிச்சுக்கங்க” என்றேன்.

முதல் வரிசையில் ஒரு பையன் எழுந்தான். கிண்டலாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டான்: “உங்களுக்கு என்னென்ன சார் தெரியும்?”

ஆலையில் எத்தனையோ தணிக்கைகளைச் சந்தித்திருக்கிறேன். அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை.

வீட்டுக்கல்வி தவறு என்று நான் சொல்லவில்லை. கே.கே. நகரில் ஒரு தம்பதி தங்கள் இரண்டு பிள்ளைகளையும் அருமையாகச் சொல்லிக் கொடுத்து வளர்க்கிறார்கள். அவர்களுக்குப் பொறுமை இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார்கள். பள்ளிக்கும் நான் எழுதிய பதினான்கில் நாலைந்து குறை உண்மைதான். ஆனால் அந்த வருட ஆண்டு விழாவில் முழு வருகைப் பரிசுக்கு நான்காம் வகுப்பிலிருந்து யார் பெயரும் இல்லை. பரிசு வாங்கிய மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்கு யாழினி கை தட்டினாள். நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாழினி இப்போது எட்டாம் வகுப்பு. கல்யாண வீட்டில் யாராவது என்னை நலம் விசாரித்தால் போதும், “அப்பாவுக்கும் இல்ல டீச்சர்” என்று மைத்துனர் கூட்டம் ஆரம்பித்துவிடும். அது பழகிவிட்டது.

போன மாதம் அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல். உடம்பு அனலாய்க் கொதித்தது. விடுப்புக் கடிதம் எழுதலாம் என்று தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தேன். போர்வைக்குள்ளிருந்து கை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“அம்மா எழுதட்டும்பா. நீங்க எழுதினா எனக்கே நம்பிக்கை வராது.”

ரேவதி எழுதினாள். நான் கஞ்சி வைக்கப் போனேன்.