பின் டயருக்குத் தடை சொன்னவர்

சிலர் கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பார்கள். சிலர் புடவைக்கும் ரவிக்கைக்கும் பொருத்தம் பார்ப்பார்கள். நான் இப்போது உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறவர் மோட்டார் சைக்கிளின் முன் டயருக்கும் பின் டயருக்கும் பொருத்தம் பார்ப்பவர். மும்பையில் இவர் தாராவியில் உண்டு, மாட்டுங்காவில் உண்டு. செம்பூரில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்துகொண்டு பல வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காரணம் என்னவா? டயர்தான்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். தெருவில் நிற்கிற வண்டி யாருடையதானாலும் சரி, போகிற போக்கில் குனிவார், பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்குவார், நகத்தால் கீறுவார், அந்த விரலை மோந்து பார்ப்பார், சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து டயரின் பள்ளத்தில் சொருகி ஆழம் பார்ப்பார், கடைசியில் நிமிர்ந்து, ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்த டாக்டர் மாதிரி வண்டிக்காரரைப் பார்ப்பார். "யாரு சொல்லி இத மாட்டுனிய?" என்பார். அவ்வளவுதான். அன்றைக்கு உங்கள் நிம்மதி போயிற்று.

இந்த இனத்தில் நான் கண்ட உயர்ந்த ரகம் தனசீலன் அண்ணாச்சி. மாட்டுங்கா லேபர் கேம்பில் வீடு, ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் கிளார்க் உத்தியோகம். அவருக்குச் சொந்தமாக வண்டி இருக்கிறதா என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. வீட்டு வாசலில் பின் சக்கரம் இல்லாமல் செங்கல் மேல் நிற்கிறது. முன் டயருக்குப் பொருந்துகிற பின் டயரை உலகம் இன்னும் செய்யவில்லை என்பது அவர் கட்சி. உலகம் செய்து முடிக்கும்வரை அவர் மனைவி செல்வமேரி அக்கா அதில் ஈரத் துண்டு காயப்போடுகிறார். அண்ணாச்சி ரயிலில் போய் வருகிறார்.

இவரிடம்தான் போய் மாட்டினான் ஜெனிஷ். தாராவிப் பையன், நல்ல பையன். அவனுக்கும் சுஜாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இருவருக்கும் வேலை வாஷியில். கல்யாணத்துக்குப் பிறகு தினமும் ஒரே வண்டியில் வேலைக்குப் போவது என்று ஆசை ஆசையாகப் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் மழைக்காலம் நெருங்குகிறது, வண்டியின் பின் டயரோ மொட்டை. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டால் தீர்ந்தது. வாங்குவதற்கு முன் அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டான். கேட்கலாமா?

அவர்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்ல யாராவது இருந்தால் சொல்லலாம் என்று போதகர் சபை நடுவே அறிவிப்பார். யாரும் சொல்வதில்லை. முதல் ஞாயிறு ஜெனிஷ், சுஜா ஓலைக்கும் யாரும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து ஷகீலின் டயர் கடைக்குப் போனபோது, ஜெனிஷ் காட்டிய டயருக்கு அண்ணாச்சி தடை சொன்னார்.

"ஏல, முன்னால நீளக் கோடு, இதுல கட்டம் கட்டமா இருக்கு. ரெண்டும் எப்படில ஒத்துப்போவும்?"

"எல்லா வண்டியிலயும் அப்படித்தான அண்ணாச்சி இருக்கு?"

"அதான் எல்லாவனும் விழுதான்."

அடுத்த ஞாயிறு கோடும் கட்டமும் எப்படியோ சமாதானமாகிவிட்டன. ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த தயாரிப்புத் தேதியைக் கண்ணாடி போட்டுப் படித்த அண்ணாச்சி, முன் டயர் வெயிலில் பிறந்தது, இது மழையில் பிறந்தது, குணம் சேராது என்றார். பிறகு மோந்து பார்த்தார். கடைக்காரர் ஷகீல் பொறுமைசாலிதான். ஆனாலும் எத்தனை தடவை பொறுப்பார்? "அண்ணா, லேனே கா ஹை, கி ஸிர்ஃப் ஸூங்னே கா?" என்று கேட்டே விட்டார். வாங்கவா, மோந்து பார்க்க மட்டுமா? அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. இந்த இனத்துக்கு வராது. "ரப்பர்ல வாசம் பத்தாது பாய்" என்று சொல்லிவிட்டு, ஷகீலின் டீயையே வாங்கிக் குடித்தார்.

அந்த வாரமே முதல் மழை பெய்தது. வடாலா பக்கம் ஜெனிஷ் மெதுவாகத்தான் பிரேக் பிடித்தான். பின் சக்கரம் முன் சக்கரத்தைப் பார்க்க ஆசைப்பட்டு முன்னால் வந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. பின்னால் இருந்த சுஜா மட்டும், டெய்லரிடமிருந்து அப்போதுதான் வாங்கிய கல்யாண ரவிக்கையை மடியில் வைத்தபடி, சேற்றில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். பையை உதறினாள். நிதானமாகச் சொன்னாள்:

"இன்னும் ஒரு ஓலை பாக்கி இருக்குல்லா? அதுக்குள்ள டயர் மாறலன்னா, தடை சொல்ல நானே எந்திரிப்பேன்."

ஜெனிஷ் வண்டியை நிமிர்த்தினான். "அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த..."

"முன்னால இருக்கது நீங்க. பின் டயருக்கு மேல இருக்கப்போறது நான். என் டயர நான் பாத்துக்கிடுதேன்."

சனிக்கிழமை அவளே ஜெனிஷைக் கூட்டிக்கொண்டு ஷகீல் கடைக்குப் போனாள். பழைய டயரில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டி, "பாய், யஹீ தேதோ" என்றாள். அவர் அதையே எடுத்துக் கொடுத்தார். மாட்டியாகிவிட்டது. டயர் என்பது கடையில் கேட்டால் கொடுக்கக்கூடிய பொருள் என்பதையே ஜெனிஷ் மறந்திருந்தான்.

மூன்றாம் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. அண்ணாச்சி வழக்கம்போல் கதவோரம் இருந்தார். வாசலில் நிற்கிற வண்டிகளின் டயர் எல்லாம் தெரிகிற இடம் அதுதான். போதகர் ஓலையை வாசித்து, "இந்தத் திருமணத்துக்குத் தடை சொல்ல யாராவது இருந்தால்..." என்று நிறுத்தினார். சுஜா ஜெனிஷைப் பார்த்துச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியின் கண் வாசலில் நின்ற ஜெனிஷின் வண்டி மேல் விழுந்தது. புது ரப்பர் கருகருவென்று மின்னியது.

அண்ணாச்சி எழுந்தார்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. சுஜாவின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். செல்வமேரி அக்கா கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்ததில் சட்டை கிழிந்ததே தவிர ஆள் உட்காரவில்லை.

"ஐயா, அந்த வண்டிக்கு அந்தப் பின் டயர் சேராது!"

சுஜாவும் எழுந்தாள். "ஐயா, அண்ணாச்சி தடை சொல்லுதது டயருக்கு. எங்களுக்கு ஒரு தடையும் இல்ல. நீங்க வாசிங்க."

சபை மூச்சு விட்டது. பிறகு சிரித்தது. போதகர் மட்டும் சிரிக்கவில்லை. ஓலையைக் கீழே இறக்கினார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், கதவு வழியாக எட்டிப் பார்த்தார். அவரும் பைக் ஓட்டுகிறவர். மைக்கிலிருந்து வாயை நகர்த்தி, ஆனால் போதிய தூரம் நகர்த்தாமல், கேட்டார்:

"எந்தக் கம்பெனி?"

கல்யாணம் நடந்தது. இருவரும் ஒரே வண்டியில் வாஷி போய் வருகிறார்கள். மழை கொட்டியும் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. "மழை இன்னும் முடியலல்லா?" என்கிறார் அண்ணாச்சி, செங்கல் மேல் நிற்கிற தன் வண்டியில் சாய்ந்துகொண்டு.

நீங்கள் இந்த இனம் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று. ஜெனிஷின் வண்டி எது, டயர் எந்தக் கம்பெனி, என்ன அளவு என்று இதுவரை நான் எங்கேயும் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை. அதைச் சொல்லாமல் எப்படி முடிக்கலாம் என்று உங்களுக்குள் ஏதாவது குறுகுறுக்கிறதா? அப்படியானால் செங்கல் தேடி வையுங்கள். ஈரத் துண்டு உங்கள் வீட்டிலேயே இருக்கும்.