ஒன்பது மணி வரைக்கும் குளிர்

எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து ஓயும். மார்கழியிலும் தையிலும் மலையிலிருந்து பனி இறங்கி ஆளை நடுங்க வைக்கும். எல்லாம் காலை ஒன்பது மணி வரைக்கும்தான். அதற்குமேல் சித்திரை வெயில். (இதற்குப் பெயர் குளிர்காலமாம்.)

எண்பதுகளின் கடைசியில் ஒரு தை மாதம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஊர் ஊராகச் சுற்றி, சிம்லா ஓட்டலில் தட்டுக் கழுவிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பியிருந்தேன். சொத்து என்று இருந்தது ஒரு ஸ்வெட்டர், ஒரு நல்ல சட்டை. இப்படிப்பட்டவனுக்காக அக்கா அலைந்து திரிந்து இராஜபாளையத்தில் ஒரு பெண் வீட்டாரைச் சம்மதிக்க வைத்திருந்தாள்.

"ஏலே, இதையும் கெடுத்தேன்னா இனிமே உனக்கு எவனும் பொண்ணு தரமாட்டான்."

பெண் பார்க்கப் போவதற்கு முந்தின சாயங்காலம் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். விடிந்து பார்த்தால், பனியில் ஊறி, துவைத்தபோது இருந்ததைவிட ஈரமாகத் தொங்கியது. பனியன்மேல் ஸ்வெட்டரை மாட்டினேன். குளிர்காலம்தானே, எவன் கேட்கப்போகிறான்? சட்டையை மஞ்சள் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

பனிமூட்டம் கலைந்த பிறகுதான் பஸ் கிளம்பியது. இராஜபாளையத்தில் இறங்கினால் இராகு காலம். அது முடிகிறவரை அக்கா என்னை பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார வைத்தாள். பெண் வீட்டு வாசலை மிதித்தபோது உச்சி வெயில்.

பெண்ணின் அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சுடச்சுட கேசரி வந்தது; சுடச்சுட பஜ்ஜியும் வந்தது. வியர்வை என் மூக்கு நுனியிலிருந்து கேசரியில் சொட்டியது.

"ஸ்வெட்டரைக் கழட்டிட்டு உக்காருங்க தம்பி."

"குளிருதுங்க."

"சிம்லாவுல இருந்த ஆளுக்கா ராசபாளையத்துல குளிருது?"

(நியாயமான கேள்வி.)

அவர் அக்காவைத் தனியே அழைத்து, பையனுக்குக் காய்ச்சலா, நெஞ்சில் ஏதும் கோளாறா, மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டார். சீக்காளிக்குப் பெண் கொடுக்க முடியாதாம். அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். கழற்றினேன். பனியனில் துணியைவிட ஓட்டைதான் அதிகம்.

அந்த நேரம் பார்த்துத்தானா காப்பியோடு பெண் வரவேண்டும்? அக்கா பதறிப்போய், ஈரச் சட்டையைப் பையிலிருந்து உருவிக் காட்டி, பனியைத் திட்டித் தீர்த்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. காப்பியை வைத்துவிட்டு, சட்டையை வாங்கி, முற்றத்துக் கொடியில் உதறிப் போட்டாள்.

"செத்த நேரத்துல காஞ்சிரும்ப்பா. அதுவரைக்கும் அவுக இருக்கட்டும்."

அதற்குமேல் அவள் அப்பா என் நெஞ்சைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

போன தையில் எங்கள் மகளைப் பார்க்க ஒரு பையன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். நண்பகல். வேர்க்குதே, கோட்டைக் கழட்டுங்களேன் என்றேன். பரவாயில்லை என்றான். அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"மத்ததப் பொறவு பேசிக்கலாம். மொதல்ல முத்தத்துல ஒரு கொடியக் கட்டுங்க."