ஊசி போடாத கை

தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டது என்று பேராசிரியர் சொன்ன பொய்க்கு ஆயுள் சரியாகப் பதினோரு நிமிடம்.

பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுப் பயண அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த எழுத்தர் அம்மாள், "ஒரு நிமிஷம் சார்" என்று பின்னறைக்குள் போனார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. இரண்டு தும்மல் கேட்டது. பிறகு இருபத்தாறு வருடத் தூசியோடு ஒரு கோப்பு மேசைமேல் வந்து விழுந்தது.

"கவலையே படாதீங்க சார். நீங்க மாணவரா இருந்தப்போ போன பயணத்தோட ஃபைல். உங்க அட்டையோட நகல் இதுலயே இருக்கு. மஞ்சள் காய்ச்சல் ஊசி, தேதி, முத்திரை, நர்ஸம்மா கையெழுத்து, எல்லாம் பளிச்சுன்னு இருக்கு!"

முத்திரை உண்மை. கையெழுத்தும் உண்மை. ஊசி மட்டும்தான் பொய் என்பது பேராசிரியர் ஒருவருக்கே தெரியும்.

அன்றைக்குச் சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். நர்ஸ் ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்ததைப் பார்த்தார். அடுத்தபடியாக அவர் பார்த்தது கூரையை. பெஞ்சில் கிடந்தார். விழுந்த வேகத்தில் இடது தோள் விண்ணென்று வலித்தது. வகுப்புத் தோழி ஒருத்தி நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் முத்திரை குத்திய அட்டை இருந்தது.

நர்ஸம்மா பாவம் பார்த்து, ஊசி போடாமலே முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார் என்று அவருக்குப் புரிந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. வாயை மூடிக்கொண்டார். விசிறிய பெண்ணிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு அவளையே கல்யாணம் செய்துகொண்டார்; அப்போதும் சொல்லவில்லை.

இப்போது, அன்று மாணவராகப் போன அதே வெளிநாட்டுக் காட்டுக்குப் பதினான்கு மாணவர்களைப் பாசி சேகரிக்க அழைத்துப் போகிறார். வருஷா வருஷம் பயணப் பாதுகாப்பு வகுப்பில் மேசையைத் தட்டி, "ஊசி போடாதவன் விமானம் ஏறக் கூடாது!" என்று முழங்குகிறவர் அவர்தான். ஊசி என்றால் இன்றைக்கும் உள்ளங்கால் வேர்க்கும். ஆனாலும் அந்தப் பதினான்கு முகங்களுக்கு முன்னால் பொய்க் கையோடு நிற்க மனசு கேட்கவில்லை. சத்தம் காட்டாமல் ஊசியைப் போட்டுக்கொண்டு உண்மையான மனிதராகிவிட வேண்டும் என்பதே திட்டம்.

"அது பழசு மேடம். பத்து வருஷம்தான் செல்லும். புதுசா ஒண்ணு போட்டுக்கறேனே."

"அது அந்தக் காலம் சார். இப்பல்லாம் ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். போன வருஷம் வகுப்புல நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லித்தான் தொலைத்திருந்தார்.

மறுநாள் ஊரின் மறுகோடியில், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு மருத்துவமனையாகப் பார்த்துப் போனார். உள்ளே டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சார்! முதல் வருஷம் உங்ககிட்ட தாவரவியல் படிச்சிட்டு அப்புறம் மருத்துவத்துக்கு மாறினவன் சார் நான்!"

விதி வலியது. பேராசிரியர் பயணப் படிவத்தை நீட்டி, வந்த விஷயத்தைச் சொன்னார்.

"ஊசியா? உங்களுக்கா? அந்த அட்டையைத் தூக்கிக் காட்டித்தானே சார் எங்களை மிரட்டுவீங்க!"

"அது வந்துப்பா... போட்டுக்கிட்ட மாதிரியே ஞாபகம் இல்லை."

சொல்லியிருக்கக் கூடாது. டாக்டரின் முகத்தில் சட்டென்று ஒரு கனிவு வந்தது. குரலும் இறங்கியது.

"சரி சார். இன்னைக்கு என்ன கிழமைன்னு சொல்லுங்க பார்ப்போம்."

பதற்றத்தில் பேராசிரியர், "புதன்" என்றார். அன்று வியாழன்.

அவர் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. மனைவி காப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவளும் அதே துறையில்தான் பாடம் எடுக்கிறாள். இந்தப் பயணத்துக்கும் கூட வருகிறாள்.

"டாக்டர் போன் பண்ணினான். உங்களுக்கு மறதி ஆரம்பிச்சிருக்காம்."

"மறதியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஊசி போட்டுக்கணும்னு தோணுச்சு."

"அதெல்லாம் போட்டாச்சு. பேசாம இருங்க, கொசுவலையாரே!"

அந்தப் பட்டப்பெயரைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காட்டு முகாமில் நண்பர்கள் வைத்த பெயர். சாயங்காலம் நாலு மணி அடித்தால் எல்லாரும் படகேறி ஆற்றுக்குப் போவார்கள். ஊசி போடாத இவர் மட்டும் மஞ்சள் காய்ச்சல் பரப்பும் கொசுவுக்குப் பயந்து காலுறை மாட்டி, கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு கொசுவலைக்குள் புகுந்துவிடுவார். அவளுக்குத் தினமும் சரியாக நாலு மணிக்குத் தலைவலி வரும். வலைக்கு வெளியே மரப்பெட்டியில் உட்கார்ந்து பாசிகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே பேசுவாள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசுவார்கள். மழை நின்ற பிறகும் கத்துவார்கள். ஒரு மாதம் அப்படிப் போனது. அதைவிட நல்ல மாதம் அவர் வாழ்க்கையில் பிறகு வரவே இல்லை.

"ஆத்தைத்தான் கடைசி வரைக்கும் நான் பாக்கவே இல்லை" என்றார்.

"இந்தத் தடவை பாத்துக்கலாம்" என்றாள் அவள், காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தபடி.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். பூதம் வெள்ளிக்கிழமை காலை தொலைபேசியில் வந்தது.

"சார், டாக்டர் உங்க பயணப் படிவத்துல 'மறதி, கவனிக்கவும்'னு எழுதி அனுப்பியிருக்கார். மறதி உள்ளவங்க குழுத் தலைவரா போகக் கூடாதுன்னு விதி இருக்கு. தலைவர் இல்லேன்னா பயணமே ரத்து" என்றார் எழுத்தர் அம்மாள்.

"மேடம், எனக்கு மறதியே கிடையாது!"

"நானும் அதைத்தான் சொன்னேன். அதான் சாட்சியைத் தேடிப் பிடிச்சிட்டேன். உங்க அட்டையில கையெழுத்துப் போட்ட அதே நர்ஸம்மா! ரிட்டயர் ஆகி, பக்கத்துத் தெருவுலதான் இருக்காங்க. இன்னைக்கு உங்க பயணப் பாதுகாப்பு வகுப்புக்கு வர்றாங்க. ஊசி போட்டதை அவங்க வாயாலயே சொல்லிடுவாங்க! நீங்களும் 'ஆமா, ஞாபகம் இருக்கு'ன்னு சொல்லிட்டா, மறதி இல்லேன்னு எழுதிடலாம்!"

இதற்குப் பெயர்தான் உதவி.

மூன்று மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பதினான்கு மாணவர்கள், எழுத்தர் அம்மாள், மனைவி. நடுவில், தலை முழுக்க நரைத்துப்போய், கைத்தடியோடு நர்ஸம்மா. பேராசிரியரைப் பார்த்து அதே பழைய சிரிப்பைச் சிரித்தார்.

பேராசிரியர் மேடையில் நின்று யோசித்தார். இந்த அம்மாள் உண்மையைச் சொன்னால் தன் மானம் போகும். பொய் சொன்னால், அன்று தன்மேல் இரக்கப்பட்ட பாவத்துக்கு இந்த வயதில் நாலு பேர் முன்னால் பொய்ச்சாட்சி சொன்னவர் ஆவார். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன? ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எனக்கு மறதி இல்லை. எல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி ஊசியைப் பாத்ததும் நான் மயங்கி விழுந்துட்டேன். ஊசி போட்டுக்கவே இல்லை. இந்த அம்மா பாவம் பாத்து அட்டையைக் கொடுத்தாங்க. அந்த அட்டையைக் காட்டித்தான் வருஷா வருஷம் உங்களை மிரட்டறேன். அந்த ஒரு மாசமும் உயிருக்குப் பயந்து வலைக்குள்ளயே கிடந்தேன். என்னை மன்னிச்சிடுங்க. யாராவது இப்பவே எனக்கு ஊசியைப் போடுங்க. நான் கண்ணைத் திறந்து வச்சிட்டே போட்டுக்கறேன்."

கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். எழுத்தர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். மனைவி என்னவோ கைப்பைக்குள் தலையை விட்டு எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தாள்.

நர்ஸம்மா கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"அய்யய்யோ, நீங்க மயங்கின கையோட நான் ஊசியைப் போட்டுட்டேனே சார்! 'முழிச்சதும் சொல்லிடும்மா'ன்னு, உங்களுக்கு விசிறிட்டிருந்த இதோ இந்தப் பொண்ணுகிட்டத்தானே சொல்லிட்டுப் போனேன்!"