வாசல் கதவில் நீல ரிப்பன்

மதிப்பிற்குரிய அக்கா எர்சிலியா அவர்களுக்கு, ஜெனோவாவிலிருந்து தம்பி ஒத்தாவியோ பணிவுடன் வரைவது. உன் முழங்காலையும் என் மூலத்தையும் ஒதுக்கிவிட்டால் இரு பக்கமும் சுகம் என்றே வைத்துக்கொள்வோம்.

வீட்டை ஒழித்துக்கொண்டு தூரினுக்கு உன்னோடு வந்துவிடச் சொல்லி எழுதியிருந்தாய், சனிக்கிழமை வேன் அனுப்புவதாகவும். கிழங்கள் மட்டும் மிச்சமிருக்கிற ஊரில் உனக்கென்ன வேலை என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. முனையில் இருந்த பொம்மைக் கடை காது மெஷின் கடையாகிவிட்டது. நாம் படித்த பாலர் பள்ளியில் சேரப் பிள்ளையில்லாமல் அதை முதியோர் சங்கமாக்கிவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கட்டிய குட்டிக் கழிப்பறையை மட்டும் மாற்றவில்லை, உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். நம் கட்டிடத்து வாசல் கதவில் இத்தனை வருஷமாக ஒட்டியதெல்லாம் சாவு அறிவிப்புதான். அந்தப் பழக்கம்தான் போன செவ்வாய்க்கிழமை என் மானத்தை வாங்கிவிட்டது.

ரொட்டி வாங்கக் கிளம்பினேன், கதவில் ஒரு காகிதம், பக்கத்தில் ஏதோ துணி. கண்ணாடி கையில் இல்லை. சரி, இன்னொருத்தர் போயாச்சு, மலர்வளையத்து ரிப்பனும் வந்தாச்சு என்று சிலுவை போட்டுக்கொண்டேன். மூன்றாம் மாடி தெரேசீனா எட்டிப் பார்த்து, "மேல ஈக்வடார்க்காரங்க வீட்டுல ஒரே அழுகை" என்றாள். மேலே இருப்பது புதிதாகக் குடிவந்த வில்மரும் அவன் மனைவி யதீராவும். ஐயோ, அந்தப் பெண்ணா, சின்ன வயசாச்சே என்று கறுப்பு டை கட்டிக்கொண்டு மூச்சு வாங்க ஏறினேன். பின்னாலேயே தெரேசீனா, துக்க வீட்டுக்குச் சூப்புச் சட்டியோடு. கதவைத் திறந்த வில்மருக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மனசைத் தேத்திக்கப்பா" என்றேன்.

"ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்லைங்க ஐயா."

"தூக்கம் எங்க வரும்? ரொம்பக் கஷ்டப்பட்டாளா?"

"பட்டா ஐயா. இப்பப் பரவாயில்லை, உள்ள உக்காந்து சாப்பிடுறா."

தெரேசீனா சட்டியை நழுவவிட்டாள், அத்தனையும் என் கால்சட்டை மேல். உள்ளே ஒரு குழந்தை வீறிட்டது.

"பையன் ஐயா! கீழ நீல ரிப்பன் கட்டியிருந்தேனே, பாக்கலையா? பிள்ளை பிறந்தா இந்த ஊருல கட்டணுமாமே!"

நம்ம ஊர் வழக்கம்தான் அக்கா! நேத்து வந்தவனுக்குத் தெரியுது, நமக்கு அடியோட மறந்துபோச்சு. வெட்கத்தில் டையைக் கழற்றிக் குழந்தைக்கு விளையாட்டு காட்டினேன்.

அன்றிலிருந்து நிம்மதி போச்சு. பொடியன் பேர் ஜெஃபர்சன், ஆளைவிடப் பேர் நீளம். அவன் கத்தினால் காது கேட்காதவனும் எழுந்து உட்காருகிறான். அவன் தள்ளுவண்டியை மாடிப்படிக்குக் கீழே வைக்கலாமா என்று கட்டிடக் கூட்டம் போட்டார்கள். எதற்கும் ஒத்துப்போகாத ஜனங்கள் கையைத் தூக்கி ஒத்துக்கொண்டார்கள். இப்போ அதை யார் தெருவில் தள்ளுவது என்று சண்டை. தெரேசீனா என் முறையைத் திருடுகிறாள். எல்லாம் அலுத்துப்போச்சு அக்கா, பெட்டியெல்லாம் கட்டிட்டேன். வேனை அனுப்பு.

உன் வீட்டு விளக்கும் உன் வயிறும் குறைவின்றி இருக்க மாதா அருள் புரியட்டும்.

அன்புத் தம்பி,
ஒத்தாவியோ

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரம் யதீரா குழந்தையோடு வந்து நின்றாள். "போறீங்களாமே ஐயா? நீங்க பாடினாத்தான் இவன் பயந்துபோய் அழுகையை நிறுத்துறான்" என்று அவனை என் மடியில் போட்டாள். பெட்டிகளை அவிழ்த்துவிட்டேன். இங்கே எனக்குச் சந்தோஷமாயிருக்கு அக்கா, ஒளிக்காமல் சொல்கிறேன். வேன் வரட்டும், அதில் உன் சாமானை ஏற்றிக்கொண்டு நீ வா. இரண்டாம் மாடி காலி. வீட்டுக்காரர் இனிக் கிழங்களுக்கு வாடகைக்கு விடுவதாக இல்லையாம், சின்னஞ்சிறுசுகளுக்குத்தானாம். என் தங்கை வருகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு வந்து சேர்.