மாமியாருக்குச் சுதந்திரம் கொடுத்த கதை

ஒரு பெண்ணின் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு யாராவது கிளம்பினால், அந்தப் பெண் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. நானே ஒருமுறை அப்படிக் கிளம்பியவள்.

அப்போது நான் ஒரு கல்லூரியில் தத்துவம் கற்பிக்கச் சேர்ந்த புதிது. கல்யாணமாகி பீர்க்கன்கரணை வீட்டுக்கு வந்ததும் புதிது. பெண்ணிய அறவியல் பற்றி ஒரு கருத்தரங்கில் பேச வேண்டியிருந்தது. எது சரி, எது தவறு என்று காலங்காலமாக எழுதிவைத்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்குச் சோறு போட்டவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று உருக்கமாக எழுதினேன். எழுதும்போது எனக்குச் சோறு போட்டது என் மாமியார் ஸ்டெல்லா அத்தை. (அது அன்று எனக்கு உறைக்கவில்லை.)

அவரைப் பார்க்கப் பார்க்க மனம் கொதித்தது. மாமா இருந்தவரை மாமாவோடு, அவர் போன பிறகு மகன் பிரபுவோடு, அதாவது என் கணவரோடு. தனியாக ஒரு பஸ் ஏறியதில்லை. விடுவேனா? ஒரு சனிக்கிழமை பிரபு ஆபீஸ் போனதும், சேலை, பிரஷர் மாத்திரை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்து அவர் முன்னால் நீட்டினேன். திண்டிவனத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குத் தனியாகப் போய்வரும்படி சொன்னேன்.

"பிரபுவுக்குத் தெரியுமாம்மா?"

"அவர்கிட்ட எதுக்கு அத்தை கேக்கணும்? இது உங்க வாழ்க்கை. எத்தனை நாள் வேணும்னாலும் அங்கயே இருங்க."

அவர் அடுப்பை ஒருமுறை துடைத்தார். வாசலில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பெருங்களத்தூரில் பஸ் ஏற்றி ஜன்னல் சீட்டில் உட்காரவைத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து ஒரு போட்டோ எடுத்தேன். ‘சிறகு முளைத்த நாள்’ என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டேன். (பிற்பாடு அதுவே எனக்கு எதிரான சாட்சி.)

செங்கல்பட்டு தாண்டுவதற்குள் பக்கத்து சீட் அம்மாள் விசாரித்துவிட்டார். மேல்மருவத்தூர் வருவதற்குள் பஸ்ஸே என்னைத் திட்டியதாம். கண்டக்டர் டீ வாங்கிக் கொடுத்தாராம். திண்டிவனத்தில் தங்கை கேட்டபோது அத்தை சொன்னது இவ்வளவுதான்: மருமகள் பையைக் கட்டிக் கொடுத்துவிட்டாள், என்ன தப்பு செய்தேன் என்றுதான் தெரியவில்லை. தங்கை உடனே பிரபுவுக்குப் போன் போட்டார்.

மாலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஹால் நிறைய உறவினர்கள், நடுவில் அவர்கள் சபையின் பாஸ்டர்.

"நான் அத்தையைத் துரத்தல. சுதந்திரம் கொடுத்தேன்" என்று ஆரம்பித்தேன். கருத்தரங்குக்குத் தயாரித்த உரை முழுவதும் தானாக வந்து விழுந்தது. பாஸ்டர் மட்டும் தலையாட்டினார். (தொழில் பழக்கம்.) அத்தை கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"இதெல்லாம் எனக்காகத்தானா?"

"ஆமா அத்தை."

"அப்போ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

பக்கம் பக்கமாக நான் எழுதி வைத்திருந்ததும் அதைத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போதாவது கேட்கிறேன், உங்களுக்கு எங்கே போக ஆசை என்றேன்.

"நான் எங்கயும் போக வேணாம்மா. சனிக்கிழமை மத்தியானம் நீங்க ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க. வீட்ல நான் மட்டும் கொஞ்ச நேரம் இருக்கணும்."

வருஷங்கள் ஓடிவிட்டன. எங்கள் சொந்தத்தில் யாருக்காவது வேலை போனால், ‘கம்பெனில அவனுக்குச் சுதந்திரம் கொடுத்துட்டாங்க’ என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்யச் சொன்னாலும் அதே வார்த்தைதான். பிரபுவும் நானும் சனிக்கிழமைதோறும் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்திருக்கிறோம். போன வாரம் நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடை ஓரமாக ஒதுங்கி, வீட்டுக்கு வரலாமா என்று அத்தைக்குப் போன் செய்து கேட்டேன்.

"இன்னும் அரை மணி நேரம் ஆகட்டும்மா" என்றார்.